வேகமும் சேர்தலும்

வேகம் பெறுவதற்கு வழிகள் இரண்டே. தள்ளும் விசையைக் கூட்டலாம், தடுப்பதைக் குறைக்கலாம். இரண்டில் எது நீடிக்கும் என்பது விமானப் பொறியியலில் ஒரு கணக்கு. சமயத்தில் அது மிகப் பழைய கேள்வி: மனிதர் ஆற்றலை மேன்மேலும் திரட்டி இறைவனை நெருங்குகிறாரா, தம்மைப் பிடித்திருப்பதை விட்டு நெருங்குகிறாரா?

காவிரிப் படுகையின் கடலோரத்தில், தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் துண்டு நிலமாக இருக்கும் காரைக்கால் இந்தக் கேள்விக்கு ஏற்ற இடம். மனத்தைக் காட்டிலும் விரைந்து வடதிசை கடந்தார் என்று சேக்கிழார் பாடிய காரைக்கால் அம்மையார் பிறந்தது இங்கே. கோள்களில் மிக மெதுவானது என்று சோதிடம் கருதும் சனிக்குப் புகழ்பெற்ற திருநள்ளாறு, நகரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மேற்கே நேர்கோட்டில் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டரில் தஞ்சாவூர் விமானப்படைத் தளம். 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களைக் கொண்ட 222-ஆம் ஸ்குவாட்ரன் அங்கே நிறுவப்பட்டது.

விமானத்தின் கணக்கை முதலில் பார்ப்பது நல்லது. ஜெட் எஞ்சின் காற்றை உள்ளிழுத்து, அழுத்தி, அதில் எரிபொருளை எரித்து, விரியும் வாயுவைப் பின்னே தள்ளுகிறது. அந்த வாயு டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியேறும்போதும் அதில் கணிசமான ஆக்சிஜன் மிஞ்சியிருக்கும். டர்பைனுக்குப் பின்னாலுள்ள குழாயில் மறுபடியும் எரிபொருளைத் தெளித்துப் பற்றவைத்தால் கூடுதல் உந்துவிசை கிடைக்கும். இந்த ஏற்பாட்டின் பெயர் ஆஃப்டர்பர்னர். சுகோய்-30 எம்.கே.ஐ.யில் உள்ள ஏ.எல்-31எஃப்.பி. எஞ்சின் ஒன்று, ஆஃப்டர்பர்னர் இல்லாமல் 7,770 கிலோகிராம் விசை தரும். அதைப் பற்றவைத்தால் 12,500. விசை ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டுகிறது. எரிபொருள் செலவோ மூன்று மடங்குக்கு மேல் போய்விடுகிறது. ஓடுபாதையை விட்டு எழும்பவும், துரத்தவும், தப்பவும் சில நிமிடங்களுக்கு மட்டுமே விமானிகள் அதைத் தொடுவதற்கு இதுவே காரணம். பின்னால் நீளும் அந்தச் சுடர் வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணைக்கு நல்ல அடையாளம் என்பது இன்னொரு காரணம்.

ஆஃப்டர்பர்னரைத் தொடாமல் ஒரு போர் விமானம் உயரத்தில் எவ்வளவு வேகமாகத் தொடர்ந்து போக முடியும்? பெரும்பாலான போர் விமானங்களுக்கு விடை ஏமாற்றம் தரக்கூடியது. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் வெப்பநிலை சுமார் மைனஸ் 56 டிகிரி. அங்கே ஒலி நொடிக்கு 295 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 1,060 கிலோமீட்டர் செல்கிறது. போர் விமானம் சிக்கனமாகப் பறப்பது ஒலியின் வேகத்தில் 80 முதல் 90 சதவீதம் வரை. சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் பயணிகள் விமானமும் கிட்டத்தட்ட இதே வேகத்தில்தான் போகிறது. ஒலியை மிஞ்சும் இயந்திரம் என்று பெயர் பெற்றது, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒலிக்குக் கீழேயே கழிக்கிறது.

காரணம் காற்றின் இயல்பில் இருக்கிறது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது விமானத்தின் முன்னால் இருக்கும் காற்றுக்கு விலகி வழிவிட நேரம் போதாமல் அதிர்வலைகள் எழுகின்றன. தடை திடீரென்று உயர்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் முப்பது சதவீதம் மட்டுமே என்பதால் தடை குறையும். ஆனால் எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றும் அதே அளவுக்கு மெலிந்துவிடுவதால் உந்துவிசையும் குறைந்துபோகும். இந்த நெருக்கடியை ஆஃப்டர்பர்னர் இல்லாமல் தாண்டி, தாண்டிய வேகத்திலேயே நிலைப்பதற்குச் சூப்பர்குரூஸ் என்று பெயர்.

அதைச் செய்த விமானங்கள் சிலவே. 1954 ஆகஸ்டில் பிரிட்டனின் பி.1 என்ற சோதனை விமானம், ஆஃப்டர்பர்னர் இல்லாத எஞ்சின்களோடு மட்டமான பறத்தலில் ஒலியைக் கடந்தது. 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிச் சென்ற கான்கார்ட், தரையை விட்டு எழும்பவும் ஒலித்தடையைக் கடக்கவும் மட்டும் ஆஃப்டர்பர்னரை மூட்டியது. அதன் பிறகு அணைத்துவிட்டு ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் அட்லாண்டிக்கைக் கடந்தது. நீடித்த வேகத்தில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடிய போர் விமானம் இல்லை. 2005 முடிவில் படையில் சேர்ந்த அமெரிக்காவின் எஃப்-22 ஒலியைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டிய வேகத்தில் ஆஃப்டர்பர்னரின்றிச் செல்லக்கூடியது. இந்தியா வாங்கிய ரஃபேலும் ஒலியை மிஞ்சி இவ்வாறு பறக்கும் என்று அதைச் செய்த டசோ நிறுவனம் கூறுகிறது. எவ்வளவு மிஞ்சும் என்பது இறக்கையின் கீழே எத்தனை ஏவுகணைகளும் எரிபொருள் தொட்டிகளும் தொங்குகின்றன என்பதைப் பொறுத்தது. தஞ்சாவூரின் சுகோய் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஒலிக்கு மேலே நிலைக்க அதற்குக் கூடுதல் எரிப்பு வேண்டும்.

காரைக்காலை வளப்படுத்தும் ஆற்றின் பெயரும் இந்தக் கதையில் இருக்கிறது. தேஜஸ் விமானத்துக்கென 1989-இல் அரசு ஒப்புதல் அளித்த உள்நாட்டு எஞ்சினுக்குக் காவேரி என்று பெயர் வைத்தார்கள். வேண்டிய உந்துவிசை கைகூடாமல் 2008-இல் அது தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆஃப்டர்பர்னர் இல்லாத வடிவமாக, ஆளில்லா விமானத்தை மனத்தில் கொண்டு, அதே காவேரி பிறகு வளர்க்கப்பட்டது. கூடுதல் சுடரைக் கழற்றிய பிறகே அந்த முயற்சிக்கு மறுவாழ்வு கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

சூப்பர்குரூஸ் செய்யும் விமானங்களில் எஞ்சினின் வலிமை ஒரு பாதி, மறுபாதி வடிவம். மெல்லிய இறக்கை, அதிர்வலையைச் சாந்தப்படுத்தும் உடலமைப்பு, வெளியே எதுவும் தொங்காத மேனி. மாறாத வேகத்தில் பறக்கும் விமானத்தின் மீது செயல்படும் விசைகளைக் கூட்டினால் சுழியம்தான் வரும். உந்துவிசை முழுவதும் தடைக்கு ஈடாகிவிடுகிறது. விமானம் எரிக்கும் ஒவ்வொரு சொட்டும் வேகத்தைப் படைக்கவில்லை. காற்று பறித்துக்கொள்வதைத் திருப்பிக் கட்டுகிறது. இயக்கம் தொடர்வதற்கு எது காரணம் என்று இந்தியத் தத்துவமும் கேட்டிருக்கிறது. வைசேடிகர் வேகத்தைப் பொருளில் தங்கும் ஒரு குணமாக, சம்ஸ்காரம் என்ற வகையில் வைத்தார்கள்; முதல் தள்ளலில் பிறந்த அந்தக் குணம் பொருளைத் தொடர்ந்து கொண்டுபோகிறது, தடுப்பது எதிர்ப்பட்டால் அழிகிறது என்பது அவர்கள் கருத்து. தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருப்பவன் வேண்டும் என்ற அரிஸ்டாட்டிலின் முடிவைவிட இது உண்மைக்கு நெருக்கமானது.

அந்த உண்மையின் தூய வடிவம் திருநள்ளாற்றில் வணங்கப்படுகிறது. சனி சூரியனைச் சுற்றி வர ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு எடுத்துக்கொள்கிறது. ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு தங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் கோள்களில் மந்தமானது அதுவே. ஆனால் விண்வெளியில் அதன் வேகம் நொடிக்கு 9.7 கிலோமீட்டர், மணிக்கு ஏறத்தாழ 35,000 கிலோமீட்டர். எஃப்-22 சூப்பர்குரூஸில் பறக்கும் வேகத்தைப்போல இருபது மடங்குக்கு மேல். அதற்காகச் சனி எதையும் எரிப்பதில்லை. தடுக்கும் காற்று அங்கே இல்லை. மந்தம் என்று பூமியிலிருந்து தெரிவது, பாதையின் நீளத்தையும் பார்ப்பவரின் தொலைவையும் சேர்த்துக் கண்ட தோற்றம்.

பார்ப்பவரும் நிலையாக இல்லை. காரைக்காலின் அகலாங்கில் பூமியின் தரை மணிக்குச் சுமார் 1,640 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. சூப்பர்குரூஸில் மேற்கே பறக்கும் விமானத்தின் வேகமும் ஏறத்தாழ இதுதான். அந்த விமானிக்குச் சூரியன் வானில் அநேகமாக அசையாமல் நிற்கும். 499-இல் ஆரியபட்டர் பூமியின் சுழற்சியைச் சொல்லியிருந்தார். கடற்கரையில் அமர்ந்து வலை பின்னும் மீனவர் ஓய்ந்திருக்கிறாரா, பறக்கிறாரா என்பதற்கு எதைச் சார்ந்து என்று சொல்லாமல் விடை கிடையாது. வேகம் ஒரு பொருளின் சொத்தன்று, இரண்டுக்கு இடையிலான உறவு என்பதை ஒத்துக்கொண்டால், இறைவனை நோக்கிய வேகம் என்ற பேச்சுக்கும் அதே கட்டுப்பாடு உண்டு. எங்கும் நிறைந்ததாகச் சொல்லப்படும் ஒன்றை நோக்கி யார் எந்தத் திசையில் விரைவது? ஈசாவாஸ்ய உபநிடதம் அந்தப் பொருளை அசையாதது என்றும் மனத்தைவிட விரைவானது என்றும் ஒரே மூச்சில் சொல்வது இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. ஓடுபவர் போய்ச் சேரும் இடத்தில் அது முன்பே இருக்கிறது.

திருநள்ளாற்றின் மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சில நொடி நின்றுவிடுகின்றன என்று பல ஆண்டுகளாக ஒரு செய்தி பரவிவருகிறது. அது உண்மையன்று. தாழ்ந்த சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்கிறது. அந்த வேகம்தான் அதை விழாமல் காக்கிறது. நின்றால் விழும். இந்தச் செய்தியை நம்புவோரின் பக்தியைக் குறை சொல்ல இடமில்லை. எனினும் நவீனக் கருவி ஒன்று நின்று வணங்கினால்தான் கோயிலுக்குப் பெருமை என்ற எண்ணம் திருநள்ளாற்றைச் சிறுமைப்படுத்துகிறது. தர்ப்பாரண்யேஸ்வரர் கோயிலின் மரபு சொல்வது நளன் அங்கே சனியின் பிடியிலிருந்து விடுபட்டதை. வருவோர் நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்திய பழந்துணியைக் களைந்துவிட்டுச் செல்வது வழக்கம். சனி பிடிக்கும் ஏழரை ஆண்டு என்று கணக்கிடப்படும் காலத்தை யாரும் முடுக்கிவிட முடியாது. விட வேண்டியதை விடுவதும் பொறுத்திருப்பதும் மட்டுமே அங்கே வழிபாடாக இருக்கின்றன.

காரைக்கால் அம்மையாரின் வரலாறு இதே கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. வணிகர் தனதத்தன் மகள் புனிதவதியாராகப் பிறந்து, பரமதத்தனை மணந்து, இறையருளால் மாங்கனி பெற்றுக் காட்டிய நிகழ்ச்சிக்குப் பிறகு கணவனால் தெய்வமென்று அஞ்சி விலக்கப்பட்டவர் அவர். ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் ஊர் முழுவதும் அந்தக் கதையை ஆண்டுதோறும் நடத்திப் பார்க்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லும் வரிசைதான் இங்கே முக்கியம். பாண்டி நாட்டுப் பட்டினத்தில், வேறொரு பெண்ணை மணந்து வாழும் கணவன் தன் காலில் விழுந்ததைக் கண்டபின், அவனுக்காகத் தாங்கிய தசைப்பொதியைக் கழித்துவிடும்படி அம்மையார் இறைவனை வேண்டுகிறார். பேய்வடிவு கிடைக்கிறது. அதன் பிறகு வருகிறது வேகம்: வடதிசை நாடுகளையெல்லாம் மனத்தினும் விரைந்து கடக்கிறார். கயிலையை அணுகியதும் காலால் நடப்பதை விட்டுத் தலையால் நடக்கிறார்.

கழித்தல், வேகம், வேகத்தையும் விடுதல் என்ற இந்த வரிசையில் நடு உறுப்பைச் சேக்கிழார் ஒரே வீச்சில் முடித்துவிடுகிறார். தமிழ்க் கடற்கரையிலிருந்து கயிலை மலைக்கு, காரைக்காலிலிருந்து நேராக அளந்தால், ஏறத்தாழ 2,250 கிலோமீட்டர். எல்லைகளையும் எரிபொருளையும் மறந்து எஃப்-22-இன் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மனமோ நினைத்த கணத்தில் அங்கே இருக்கும்; நரம்பில் ஓடும் துடிப்பு நொடிக்கு நூறு மீட்டரைச் சற்றே தாண்டுவது, ஒலியை எட்டாதது, என்ற உடலியல் உண்மை இதைப் பாதிக்காது. மனத்தின் வேகம் என்று புலவர்கள் சொல்வது இடைவழியே இல்லாத செல்கை. ஆனால் போன வேகத்திலேயே மனம் திரும்பியும் விடுகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் தங்குவது அதற்குக் கைவராது. மனத்தையும் மிஞ்சிய வேகத்தை அம்மையாருக்குக் கொடுத்த சேக்கிழார், கயிலையின் அடிவாரத்தில் அந்த வேகத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டதற்கு இதுவே பொருள் என்று கொள்ளலாம். தலையால் நடப்பதைவிட மெதுவான, கடினமான நடை இல்லை. தொலைவைக் கடக்க உதவியது சேர்வதற்கு உதவவில்லை.

மஸ்தான் சாகிபு தர்காவின் கந்தூரிக்கு எல்லா மதத்தாரும் கூடும் ஊர் காரைக்கால் என்பதால், இஸ்லாமிய மரபின் மிஃராஜ் நிகழ்வையும் இதனருகில் வைத்துப் பார்க்கலாம். நபிகள் நாயகம் ஏறிச் சென்ற புராக், தன் பார்வை எட்டும் தொலைவில் அடுத்த அடியை வைத்தது என்று ஹதீஸ்கள் கூறுகின்றன. ஜெருசலேம் வந்ததும் அது கட்டி நிறுத்தப்படுகிறது. விண்ணேற்றம் அதன் பிறகே. இரண்டு மரபுகளின் இறையியலும் வேறு வேறு. ஒன்றை மற்றொன்றாக்குவது இரண்டுக்கும் நீதியாகாது. ஆனாலும் பெருவேகத்தை ஓர் எல்லை வரை மதித்து அங்கே நிறுத்தும் நிதானம் இரண்டிலும் இருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் வகுத்த சைவ சித்தாந்தம் இதற்குக் கோட்பாட்டு வடிவம் தருகிறது. உயிர் புதிதாக எதையும் சம்பாதிக்க வேண்டியதில்லை. ஆணவ மலம் அதன் அறிவை மறைத்திருக்கிறது, அந்த மறைப்பு நீங்க வேண்டும். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளும் அந்த நீக்கத்துக்கான பக்குவங்கள். அருள் பதியும் முறையை மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று வேகத்தின் பெயராலேயே நான்காகப் பிரித்தார்கள். கவனிக்க வேண்டியது, இந்த வேகம் அருளுக்குச் சொல்லப்பட்டது, உயிரின் ஓட்டத்துக்கு அன்று. பதஞ்சலியின் யோக சூத்திரம், தீவிர முனைப்புள்ளவர்க்குச் சமாதி அருகில் இருக்கிறது என்று முயல்பவரின் பக்கமிருந்து பேசுகிறது. தள்ளுவிசை, தடைநீக்கம் என்ற இரு வழிகளும் இந்த இரண்டு நூல்களில் எதிரெதிரே நிற்கின்றன. யோகம் முயற்சியை உயர்த்திப் பேசுவதில் நியாயம் உண்டு. தடை குறைந்த விமானமும் எஞ்சின் இல்லாமல் பறப்பதில்லை. ஆனால் வலிந்த முயற்சி சிறிது நேரச் சுடராக எரிந்து, பிறகு ஆளையே வெறுமையாக்கிவிடும் என்பதைத் துறவு மேற்கொண்டு பாதியில் உடைந்தவர்கள் வாழ்க்கை காட்டியிருக்கிறது. நீடிப்பு என்ற அளவுகோலில் சித்தாந்தத்தின் பக்கமே வலுவானது.

சித்தாந்தம் இன்னொரு நுட்பத்தையும் சொல்கிறது. முத்தியிலும் ஆணவம் அழிந்தொழிவதில்லை. அதன் ஆற்றல் அடங்குகிறது. காற்றுக்குள் இருக்கும்வரை எந்த வடிவத்துக்கும் தடை சுழியமாவதில்லை என்பதோடு இது பொருந்துகிறது. பொருந்தாத இடமும் உண்டு. அதை மறைத்தால் ஒப்புமை பொய்யாகிவிடும். எஃப்-22 தன் ஏவுகணைகளை வயிற்றுக்குள் வைத்து மூடிக்கொண்டதால் காற்றுக்கு வழவழப்பாக இருக்கிறது. அதன் சுமை கழியவில்லை, ஒளிந்திருக்கிறது. வெளியே தெரியாமல் உள்ளே வைத்துக்கொண்ட சினத்தையும் ஆசையையும் துறவு என்று எந்தச் சைவ ஆசானும் ஒப்புக்கொள்ளமாட்டார். அம்மையார் கழித்ததோ தாம் வாழ்ந்த உடலையும், ஊரார் போற்றிய அழகையும்.

நோக்கத்திலும் இரண்டும் பிரிகின்றன. போர் விமானத்தின் வேகம் இன்னொருவர் வேகத்தை வெல்வதற்காக உண்டானது. எதிரி விரைவு கூட்டினால் அதுவும் கூட்ட வேண்டும். கடலையும் நாட்டையும் காப்பது அரசின் கடமை என்பதை மறுக்காமலே, அந்தப் போட்டிக்கு முடிவு இல்லை என்று சொல்லலாம். மேலும், விமானம் தளத்துக்குத் திரும்பியாக வேண்டும். அதன் வேகத்தைப் பற்றிய எல்லாக் கணக்கும் திரும்புவதற்கு மிச்சமிருக்கும் எரிபொருளிலிருந்து பின்னோக்கிப் போடப்படுவதே. கயிலைக்குப் போய்த் திரும்பும் 4,500 கிலோமீட்டரையும் சூப்பர்குரூஸில் கடக்க எஃப்-22-இன் தொட்டியும் போதாது.

கயிலையில் அம்மையார் கேட்டது பிறவாமை, பிறந்தால் மறவாமை, இறைவன் ஆடும்போது அடியின்கீழ் இருந்து பாடும் பேறு. கிடைத்த விடை கயிலையிலேயே தங்கும் இடமன்று. தெற்கே திருவாலங்காட்டுக்குப் போகும்படி பணிக்கப்பட்டார். வந்த வழி அத்தனையும் மறுபடி கடக்க வேண்டியிருந்தும், அந்தப் பயணத்தைச் சொல்லும்போது சேக்கிழார் விரைவைப் பேசவில்லை. ஆலங்காட்டுக்குள் அவர் தலையால் நடந்து புகுந்ததை மட்டும் சொல்கிறார். பிற்காலத்தில் திருஞானசம்பந்தர் அந்தப் பதியை நெருங்கியபோது, அம்மையார் தலையால் நடந்த மண்ணில் காலை வைக்க அஞ்சி அருகிலிருந்த ஊரில் அன்றிரவு தங்கினார் என்பதும் பெரிய புராணச் செய்தி.